இலவசக் குளிசைக்கு ஆகும் செலவு

வசதி குறைந்த ஒரு நாட்டில் சலரோகத்தை, அதாவது நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க எது தடையாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே, "இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தானே, பிறகு ஏன் இத்தனை பேருக்குக் காலை வெட்டி எடுக்கிறார்கள்?" என்றும் சேர்த்திருந்தார். விஷயம் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. நான் வன்னியில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் பல வருடம் சலரோகக் கிளினிக் பார்த்தவன். அதற்கு முன் கொஞ்சக் காலம் மலையகத்தில் வேலை. பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

மருந்து இலவசம் என்பது உண்மை. ரத்தத்தில் சீனியைக் குறைக்கும் மெற்ஃபோமின் குளிசைக்கோ இன்சுலின் ஊசிக்கோ அரசாங்க மருந்தகத்தில் யாரும் காசு கேட்பதில்லை. ஆபிரிக்காவின் பல நாடுகளில் ஒரு குப்பி இன்சுலினுக்காகக் குடும்பமே கடன்படுகிறது. அதோடு ஒப்பிட்டால் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் அந்தக் குளிசையை வாங்கப் போகும் நாள் இலவசமில்லை.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவின் கிளினிக் நாளைச் சொல்கிறேன். அறுபது வயதை நெருங்கியவர். கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறவர். வீடு குளக்கட்டுக்கு அப்பால், பஸ் வரும் வீதிக்கு மூன்று கிலோமீற்றர். நாலு மணிக்கு எழும்பி, இருட்டோடு நடந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறரைக்கு வந்து சேருவார். அதற்குள் நம்பர் துண்டு எழுபதைத் தாண்டியிருக்கும். வெறும் வயிற்றில் ஒரு தரம் ரத்தம் எடுப்பார்கள். கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தை வாங்கில் இருந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணித்தியாலம் காத்திருந்து இன்னொரு தரம் எடுக்க வேண்டும். முடிவு கைக்கு வரும்போது பதினொரு மணி. என் மேசைக்கு முன்னால் அவர் இருப்பது மூன்று நிமிடம். அதற்கு மேல் கொடுத்தால் பின்னால் நிற்கும் அறுபது பேருக்கும் நேரமில்லை. பிறகு மருந்தக வரிசை. வீட்டுக்குப் போய்ச் சேர மூன்று மணியாகிவிடும்.

அன்றைய கூலி போயிற்று. பஸ் காசு போயிற்று. இது மாதம் ஒரு தரம். பிரஷர் கிளினிக் வேறு நாளில் என்றால் இன்னொரு நாள். கண்ணைக் காட்ட மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பினால் அதற்கு ஒரு நாள். "டொக்டர் லீவு, அடுத்த கிழமை வாங்கோ" என்று திருப்பினால் மற்றுமொரு நாள். கச்சான் பிடுங்கும் காலத்தில் அவர் வரமாட்டார். அவருடைய கொப்பியில் "ஒழுங்காக வருவதில்லை" என்று சிவப்புப் பேனையால் எழுதியவன் நான்தான். ஒரு நாள் அதைக் காட்டி ஏசியபோது அவர் சொன்னது: "நான் வந்தா நீங்கள் மருந்து தருவீங்கள் டொக்டர், அரிசி ஆர் தாறது?" அதற்குப் பிறகு அந்தச் சிவப்புப் பேனையை நான் எடுப்பதில்லை.

மலையகத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021இல் வர்த்தமானி வந்தது. ஆனால் தோட்டம் சொல்லும் கிலோவை நிறுத்துக் கொடுக்காவிட்டால் அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். கிளினிக்குக்குப் போனால் அந்த அரைப் பேரும் இல்லை. மலையில் இறங்கி, டவுனுக்கு பஸ் ஏறி, திரும்ப மலை ஏறுவது வேறு. சீனி கூடினால் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. உடம்பு வேலை செய்கிறது. வலியில்லாத ஒரு நோய்க்காக மாதம் ஒரு நாட்சம்பளத்தை விட்டுக்கொடு என்கிறோம். நானாக இருந்தால் கொடுப்பேனா தெரியாது.

இவ்வளவு பாடுபட்டு எடுக்கிற ரத்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வெறும் வயிற்றுச் சீனி என்பது அந்த ஒரு காலையின் கதை. கிளினிக் நாள் வருகிறதென்றால் இரண்டு நாள் முன்பே சோறு பாதியாகும், தேத்தண்ணிக்குச் சீனி நிற்கும், மறந்துபோன குளிசைகள் திடீரென்று ஞாபகம் வரும். பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பிள்ளை மாதிரிதான். காலையில் 118 வரும். நானும் "நல்லது அம்மா" என்று அனுப்பிவிடுவேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி பரிசோதனை சின்ன ஆஸ்பத்திரிகளில் கிடையாது. வெளியே தனியார் ஆய்வுகூடத்தில் செய்யச் சொன்னால் அது ஒன்றிரண்டு நாள் கூலிக்குச் சமம். ஒருவர் எப்படியோ காசு சேர்த்துச் செய்துகொண்டு வந்தார். மாதாமாதம் 120ஐத் தாண்டாதவருக்கு எச்.பி.ஏ.வன்.சி 11, அதாவது மூன்று மாதமும் சீனி மிகக் கூடித்தான் இருந்திருக்கிறது. அவரும் ஏமாந்து நானும் ஏமாந்து ஒன்றரை வருடம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதுதான் ஆபத்து. சிலர் குளிசையைப் பாதிதான் போடுவார்கள், சொல்லமாட்டார்கள். சீனி இறங்கவில்லையே என்று நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம். ஒரு நாள் மகள் வந்து பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுப்பாள். அன்றிரவு சீனி அதலபாதாளத்துக்கு இறங்கி, வியர்த்து விறுவிறுத்து, பிதற்றிக்கொண்டு வருவார்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் இதை எதிர்பார்த்திருப்போம். விரதம் என்று சொன்னால் டொக்டர் ஏசுவார், ஆகவே சொல்வதில்லை. குளிசையை மட்டும் பக்தியோடு போட்டுவிடுவார்கள். கிளிபென்கிளமைட் மாதிரிப் பழைய, மலிவான குளிசைகளுக்கு வயிறு வெறுமையா நிறைவா என்ற கவலை கிடையாது. அது பாட்டுக்குச் சீனியை இறக்கும். அப்படி ஒரு தரம் விழுந்து எழும்பியவர் பிறகு ஆயுளுக்கும் அந்தக் குளிசையை நம்பமாட்டார்.

வீட்டிலேயே சீனி பார்க்கலாமே என்பீர்கள். மெஷினைப் பற்றி எங்கள் ஊருக்கே உரிய ஒரு கதை இருக்கிறது. கனடாவில் இருக்கும் மகன் அனுப்பியிருப்பார். நல்ல மெஷின். ரத்தத் துளியை வைத்துப் பார்க்கக் கூட வந்த ஐம்பது ஸ்ட்ரிப்பும் முடிந்த பிறகு, அந்த மெஷினுக்கான ஸ்ட்ரிப் கிளிநொச்சியிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. மெஷின் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். ஸ்ட்ரிப் இருந்த காலத்திலும் சிக்கல்தான். கனடாவிலும் இங்கிலாந்திலும் சீனியை மில்லிமோல் கணக்கில் காட்டுவார்கள், இங்கே மில்லிகிராமில். அதை 18ஆல் பெருக்கினால்தான் இது வரும். ஒரு ஐயா சந்தோஷமாக வந்து, "பதினாலுதான் டொக்டர், முந்தி இருநூறு முந்நூறு எண்டு நிண்டது" என்றார். பதினாலு என்றால் 252. அவர் இரண்டு மாதம் மருந்தை நிறுத்தியிருந்தார்.

உள்ளூரில் வாங்கும் மெஷினிலும் விலை மெஷினில் இல்லை, ஸ்ட்ரிப்பில்தான். ஒவ்வொரு தரமும் விரலில் குத்தும்போது ஒரு ஸ்ட்ரிப் முடிகிறது. இன்சுலின் போடுகிறவர் நாளுக்கு ஒரு தரமாவது பார்க்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. ஊசியை இலவசமாகக் கொடுக்கும் அரசாங்கம் ஸ்ட்ரிப்பை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. கண்ணைக் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைக் கையில் கொடுக்கிற வேலை இது.

இன்சுலின் என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப் பேருக்கு முகம் கறுத்துவிடும். "ஊசி தொடங்கினாப் பிறகு கனகாலம் இருக்கேலாது" என்று நம்புகிறார்கள். ஊரில் அவர்கள் பார்த்தது அப்படித்தான்: ஊசி போட்ட பெரியப்பா ஒரு வருடத்தில் போய்விட்டார், ஊசி போட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கண் தெரியாமல் போயிற்று. நாங்கள் ஊசியைக் கடைசிவரை இழுத்தடித்து, எல்லாம் பழுதான பிறகு தொடங்குகிறோம். பழி ஊசியில் விழுகிறது. குளிசை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பேச்சும் இதே ரகம். கெடுப்பது கூடிய சீனி. ஆனால் கிட்னி பழுதான சலரோகக்காரர்களில் பலர் பல வருடம் குளிசை போட்டவர்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. இதை அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கென்னவோ அது தப்பாக விளக்கப்பட்ட நல்ல கவனிப்பு என்றுதான் படுகிறது. பாகற்காய்ச் சாறும் ஆவாரம்பூவும் வெந்தயமும் குடிப்பவர்களை நான் தடுப்பதில்லை. "அதையும் குடியுங்கோ, குளிசையையும் நிப்பாட்டாதேங்கோ" என்பேன். தடுத்தால் குளிசையைத்தான் விடுவார்கள்.

இன்சுலினைக் குளிரில் வைப்பது அடுத்த தலையிடி. திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டுக்கு ஒரு மாதக் குப்பிகளைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும். சிலர் கடைக்காரரின் பெட்டியில் சோடாப் போத்தல்களுக்கு நடுவே வைப்பார்கள். கடை பூட்டினால் ஊசி இல்லை. ஒருவர் பழுதாகக்கூடாது என்று ஐஸ் அறைக்குள்ளேயே வைத்து உறையவிட்டார். உறைந்த இன்சுலின் உருகினாலும் பிரயோசனமில்லை. நாங்கள் சொல்லிக்கொடுப்பது மண்பானை முறை: பெரிய பானைக்குள் ஈரமணல், மணலுக்குள் சின்னப் பானை, அதற்குள் குப்பி, மேலே நனைத்த சாக்கு, நிழலில் வைக்க வேண்டும். வெளிவெப்பத்தைவிடச் சில பாகை இறங்கும். கென்யாவில் தடாப் அகதி முகாமின் வெப்பநிலையை அளந்து, 25க்கும் 37 பாகைக்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் இருந்த இன்சுலினை எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து சோதித்தார்கள். வீரியம் குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. அதைப் படித்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி. அதுவரை பெட்டி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எத்தனை பேருக்கு ஊசியைத் தள்ளிப்போட்டிருப்பேன்!

2022ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. அதற்குச் சில நாள் முன்பே மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போயிருந்தது. பெட்டி இருந்த வீடுகளும் பெட்டி இல்லாத வீடுகள் ஆயின. மண்பானை பழகியவர்கள்தான் பதறாமல் இருந்தார்கள். நாட்டின் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. டொலர் இல்லை, மருந்தும் இல்லை. "இந்த மாதம் மெற்ஃபோமின் வெளியே வாங்குங்கோ" என்று துண்டில் எழுதிக் கொடுத்தோம். இருநூறு ரூபா இருந்த டொலர் முந்நூற்று அறுபதுக்குப் போன காலத்தில் வெளியே மருந்து என்ன விலை விற்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர்த்து எவருக்கும் இரண்டு கிழமை எரிபொருள் இல்லை என்றார்கள். பஸ் குறைந்தது. கிளினிக் வாங்குகளில் பாதி வெறுமை. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தைத் தொட்டது.

அந்த நாட்களில் சென்னைக்குப் போய்வந்தவர்கள் உறவினருக்கு இன்சுலின் கொண்டுவந்தார்கள். நல்ல மனசுதான், ஆனால் அதிலும் ஒரு கண்ணி. இந்தியாவில் சாதாரணமாக விற்கும் குப்பியில் மில்லிலீற்றருக்கு 40 அலகு. எங்களிடம் இருந்த சிரிஞ்ச் மில்லிலீற்றருக்கு 100 அலகு உள்ள மருந்துக்கானது. இருபது என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது எட்டு அலகுதான். "இந்தியா மருந்து சரியில்லை" என்று ஒரு வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். குப்பியையும் சிரிஞ்சையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்ணீர் இழுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் துறைமேல் எனக்கே கோபம் உண்டு. ஒரு காலத்தில் கிளினிக்கில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் ஓட்ஸ், ஆப்பிள், தோல் நீக்கிய கோழி என்று அச்சடித்திருந்தது. வாங்கிப் பார்த்த ஒரு அம்மா மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இது ஆருக்கு டொக்டர்?" என்று கேட்டார். காசு குறையும்போது தட்டில் முதலில் குறைவது மீனும் மரக்கறியும்தான். சோறு அப்படியே நிற்கும், அல்லது கூடும். தோட்ட லயத்தில் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் வயிற்றை மலிவாக நிரப்புகிற வழி. அதைக் குறை என்று சொல்ல யாருக்கும் வாய் வரும். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதற்குத்தான் பதில் வராது. குரக்கன் (கேழ்வரகு) புட்டு எவ்வளவு சாப்பிட்டாலும் சீனி ஏறாது என்ற நம்பிக்கை வேறு. குரக்கனும் மாச்சத்துத்தான். நான் கடைசியில் வந்து நின்றது ஒரே ஒரு புத்திமதியில்: அதே சோறு, ஒரு அகப்பை குறைத்து, அந்த இடத்துக்கு வேலியில் இருக்கும் முருங்கையிலையோ குளத்து மீனோ. காசு கேட்காத மாற்றம் என்றால் செய்கிறார்கள்.

பிறகு அந்தக் குளிசைப் பைகள். அரசாங்க மருந்தகத்தில் குளிசையைச் சின்ன வெள்ளைக் கடதாசிப் பையில் போட்டு, மேலே ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ஏதோ கிறுக்கித் தருவார்கள். எழுதியவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், வாங்கியவருக்கு எழுத்தே தெரியாமல் இருக்கலாம். ஆகவே அவர்கள் நிறத்தையும் அளவையும் வைத்து அடையாளம் பிடிக்கிறார்கள்: பெரிய வெள்ளை காலையும் இரவும், சின்ன வெள்ளை காலையில் மட்டும். அடுத்த மாதம் வேறு கம்பனி, வேறு நிறம். பழையது மிச்சமிருக்கப் புதியதையும் சேர்த்துப் போடுவார்கள். மயங்கி விழுந்து வந்த ஒருவரின் மடியிலிருந்து பைகளை வாங்கிக் கொட்டிப் பார்த்தோம். ஒரே மருந்து மூன்று நிறத்தில் இருந்தது. மூன்றையும் போட்டிருக்கிறார். இதற்கு யாரைக் குறை சொல்வது? பையில் சூரியனையும் சந்திரனையும் வரைய ஆரம்பித்தோம், அவ்வளவுதான். நோயின் முழு வரலாறும் ஒரு எண்பது பக்கக் கொப்பியில், பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. மழையில் நனைந்தால் அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இனி அந்தக் கால் விஷயம். கூடிய சீனி பல வருடத்தில் கால் நரம்பை மரத்துப்போகச் செய்யும். வயலில் செருப்போடு இறங்க முடியாது. கோயிலுக்குள் செருப்போடு போகக்கூடாது. ஆவணி வெயிலில் திருவிழா வீதி மணல் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும். அதில் காவடியோடு இரண்டு மணித்தியாலம் நின்ற ஒருவர், இரு பாதமும் கொப்புளித்திருப்பதை வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் பார்த்திருக்கிறார். வலிக்கவே இல்லை. "முருகன் காப்பாத்திப்போட்டார், நோகேல்லை" என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் பூசியிருந்தார். ஒன்பதாம் நாள் மணம் வந்த பிறகு மனைவி கட்டாயப்படுத்திக் கூட்டிவந்தார். இரண்டு விரலை எடுத்ததோடு தப்பினார்.

இதைத் தடுக்க விலைகூடிய எதுவும் தேவையில்லை. உணர்வு இருக்கிறதா என்று பாதத்தில் தொட்டுப் பார்க்க ஒரு நைலோன் நூல் போதும். தினமும் இரவு பாதத்தை யாராவது பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கலாம். ஆனால் மூன்று நிமிடத்தில் செருப்பைக் கழற்றச் சொல்ல நேரமில்லை. மேசைக்கு மேலே உள்ளதைத்தான் பார்க்கிறோம்.

நோய் இருப்பதே தெரியாதவர்கள் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. 2005-06இல் நாடளாவ எடுத்த ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதம் பேருக்குச் சலரோகம். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது தெரியாது. 2018-19இல் எடுத்த இன்னொரு பெரிய ஆய்வு 23 சதவீதம் என்றது. இரண்டின் முறையும் ஒன்றல்ல, நேரடியாக ஒப்பிடக்கூடாது. இருந்தாலும் போகிற திசை தெரிகிறது. 2011இலிருந்து சுகவாழ்வு நிலையங்கள் என்று இலவசமாகச் சோதிக்கிறார்கள். அங்கே வருவது பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் அந்நேரம் வேலையில். திரும்பவும் அதே நாள் கூலிதான். உலக அளவிலும் சலரோகம் உள்ள 80 கோடிப் பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சையே இல்லை என்று 2024இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

சரி, வழி இல்லையா என்றால், ஒரு தரம் இருந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக்குகளை மூடினார்கள். மருந்தைப் பொதிசெய்து, பெயரும் விலாசமும் எழுதி, தபால் திணைக்களம் மூலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊழியர்கள் இரவிரவாகப் பொதி கட்டியது நினைவிருக்கிறது. குழப்பமும் நடந்தது, விலாசம் பிழைத்தது, ஒருவரின் பொதி ஒரே பெயருள்ள இன்னொருவருக்குப் போனது. ஆனாலும் வருடக்கணக்காக ஒழுங்காக வராதவர்களின் கைக்கும் அந்த மாதங்களில் குளிசை போய்ச் சேர்ந்தது. நிலைமை சீராக உள்ள ஒருவருக்கு மூன்று மாத மருந்தை ஒரே தரமாகக் கொடுத்து, இடையில் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டில் வைத்துச் சீனியும் காலும் பார்த்தால், வருடத்தில் எட்டு நாள் கூலி மிஞ்சும், என் மேசையிலும் மூன்று நிமிடம் ஒன்பது நிமிடமாகும். புதிய மருந்து ஒன்றும் வேண்டாம்.

ஊரடங்கு முடிந்து கிளினிக் திரும்பத் தொடங்கியதும் அந்தக் கச்சான் அம்மா வந்தார், நம்பர் துண்டு எண்பத்தொன்று. கொப்பியை நீட்டிவிட்டு முதலில் கேட்டது சீனி எவ்வளவு என்று அல்ல.

"தபால்கார தம்பி இனி வரமாட்டாரோ டொக்டர்?"